மண்ணுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு

நிலம் வாங்க முனையும் எவரும் முதலில் நாடுவது வில்லங்கச் சான்றிதழை. அந்நிலம் யாருக்கு உரியது, யாரிடமிருந்து யாருக்குக் கைம்மாறியது, எங்கேனும் ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா என்பவற்றை அது தெரிவிக்கிறது. மூலப்பத்திரம், வரி ரசீது, நில அளவை வரைபடம் ஆகியவற்றையும் உடன்வைத்துப் பார்த்து, பெரும்பாலும் முப்பது ஆண்டுக்கால வரலாற்றை ஆராய்ந்த பின்னரே வழக்கறிஞர் தம் கருத்தை எழுதித் தருகிறார். அதன் அடிப்படையில் வங்கி கடன் வழங்குகிறது.

இந்நடைமுறை நெடுங்கால அனுபவத்தால் செம்மைப்பட்டது. ஆயினும் இத்தனை ஆவணங்களுள் ஒன்றும் நேராக விடை கூறாத வினா ஒன்று உண்டு. அந்நிலத்தின்மீது இதுவரை என்ன நடந்தது? அங்கே கேழ்வரகு விளைந்ததா, சாயம் காய்ச்சப்பட்டதா, பழைய பேட்டரிகள் உடைக்கப்பட்டனவா, பெட்ரோல் சேமிக்கப்பட்டதா? உரிமை மாறியதைப் பத்திரம் காட்டும். தொழில் விட்டுச்சென்றதை மண்ணிலும் நிலத்தடி நீரிலும்தான் காண இயலும்.

ஊர்கள் விரிவடையும்போது, ஒருகாலத்தில் ஊருக்கு வெளியே இருந்த பட்டறைகளும் கிடங்குகளும் ஊருக்கு நடுவே வந்துவிடுகின்றன. தொழில் நலிந்தபின் அவ்விடங்கள் வீட்டுமனைகளாகவும் பள்ளிகளாகவும் திருமண மண்டபங்களாகவும் மாறுகின்றன. இம்மாற்றத்துக்குமுன் நிலத்தின் மாசு நிலையை ஆராய்வது எவ்வாறு, அதனால் வாங்குவோருக்கும் விற்போருக்கும் விளையும் நன்மை யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொள்ளேகால்: ஒரு பட்டு ஊரின் நிலம்

விளக்கத்தை எளிதாக்கக் கொள்ளேகாலை எடுத்துக்கொள்வோம். இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், 1997 இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும்வரை மைசூரு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1956 இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்படும்வரை, சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டமாக விளங்கியது. எனவே இங்குள்ள சில நிலங்களின் ஆவணத் தொடர் இரு மாநிலங்களையும் மூன்று மாவட்டங்களையும் கடந்து வருகிறது. பழைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்பு பெரும்பாலும் கொள்ளேகால் வட்டத்தை மையமாகக் கொண்டே நடைபெற்றது. கொள்ளேகால் பட்டுப் புடைவைகளைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும்.

பட்டுத் தொழிலின் ஒவ்வொரு படியும் நிலத்தில் வெவ்வேறு வகையான தடத்தை விடுகிறது. பட்டுக்கூடுகளை வெந்நீரிலிட்டு நூலெடுக்கும் இடத்தில் கூட்டுப்புழுக்கழிவும் கலங்கல் நீரும் மிஞ்சும். துர்நாற்றம் கடுமையாயினும் அவை மட்கக்கூடிய கரிமப் பொருள்கள். நூலின் மேலுள்ள செரிசின் என்னும் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் கொதிக்கவைப்பர். அந்நீர் நீண்டகாலம் ஒரே குழியில் விடப்பட்டால் மண்ணின் உப்பும் காரத்தன்மையும் உயரும்.

மூன்றாவது படியான சாயமிடுதல்தான் கூடுதல் கவனத்துக்குரியது. பட்டுக்குப் பயன்படும் சாயங்களுள் ஒருவகை, குரோமியம் அல்லது கோபால்ட் போன்ற உலோகத்தைத் தம் மூலக்கூற்றில் கொண்டவை. நிறம் உறுதியாகப் பற்றுவதற்கு முற்காலத்தில் உலோக உப்புகளும் தனியே சேர்க்கப்பட்டன. பென்சிடினை அடிப்படையாகக் கொண்டவை உட்பட 112 சாயங்களை இந்திய அரசு 1990களில் தடைசெய்தது. அவற்றுள் சில, புற்றுநோய் உண்டாக்கும் அமைன்களாகச் சிதையக்கூடியவை. தடைக்கு முன்பு இயங்கி மூடப்பட்ட ஒரு சாயப்பட்டறையில் அத்தகைய சாயங்கள் பயன்பட்டிருக்கலாம் என்று கருதுவதில் தவறில்லை.

கொள்ளேகாலின் குறிப்பிட்ட எந்த இடத்தையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. கைத்தறிக்காகச் சிறிய அளவில் சாயமிட்ட எத்தனையோ வீடுகளின் மண்ணில் அஞ்சத்தக்கது எதுவும் இராது. அதை ஊகத்தால் அன்றி ஆய்வால் அறிய வேண்டும் என்பதே நாம் கூறவருவது.

சாயத்துக்கு மட்டும் உரியதன்று இச்சிக்கல். பழைய பெட்ரோல் விற்பனை நிலையத்தில் புதைந்த தொட்டிகள் கசிந்திருந்தால் பென்சீன் நிலத்தடி நீரில் கலந்திருக்கும். 2000 ஆம் ஆண்டின் தொடக்கம்வரை நாட்டின் பல பகுதிகளில் ஈயம் கலந்த பெட்ரோலே விற்பனையாயிற்று. பேட்டரி உடைத்த இடத்தில் ஈயமும் அமிலமும், மின்முலாம் பூசிய பட்டறையில் நிக்கல், குரோமியம், சயனைடு ஆகியவையும், தோல் பதனிட்ட இடத்தில் குரோமியமும், பூச்சிமருந்துக் கிடங்கில் டி.டி.டி., பி.எச்.சி. போன்ற எளிதில் சிதையாத நஞ்சுகளும் எஞ்சக்கூடும். நகராட்சிக் குப்பை கொட்டி மூடிய நிலத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் மீத்தேன் வாயு வெளியேறும். கிரானைட்டு மெருகேற்றும் கூடத்தின் நுண்தூள் நஞ்சாக இல்லாவிடினும் மண்ணின் துளைகளை அடைத்து நீர் இறங்காமல் செய்துவிடும்.

தாமதத்தின் விலை

முன்னதாக ஆராயாமல் விட்டதன் விளைவை நம் நாட்டின் மூன்று இடங்கள் காட்டுகின்றன.

முதலாவது, இராசத்தானின் உதயப்பூர் மாவட்டத்திலுள்ள பிச்ரி என்னும் சிற்றூர். 1980களின் பிற்பகுதியில் அங்கே எச்-அமிலம் என்னும் சாய இடைப்பொருள் உற்பத்தி செய்யப்பட்டது. உற்பத்தி நடந்தது ஏறத்தாழ ஈராண்டுக் காலமே. வெளியான நச்சுக்கசடு திறந்தவெளியில் கொட்டப்பட்டது. மழைநீர் அதைக் கரைத்து நிலத்துக்குள் இறக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர் நிறம் மாறிற்று. குடிக்கவும் பாசனம் செய்யவும் உதவாததாயிற்று. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீரமைப்புக்கென மதிப்பிடப்பட்ட தொகை 37 கோடி ரூபாய்க்குமேல். அது செலுத்தப்படாமல் வழக்கு நீண்டதால், 1997 முதல் 12 விழுக்காட்டுக் கூட்டு வட்டியுடன் செலுத்துமாறு 2011 இல் நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வட்டி வீதத்தில் ஒரு தொகை ஏறத்தாழ ஆறு ஆண்டில் இருமடங்காகும் என்பதை வங்கி வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை. அங்குள்ள தொழிற்பேட்டையில் 1970களில் தொடங்கிய குரோமேட்டுத் தொழிற்சாலை, தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளை உற்பத்தி செய்தது. 1990களில் அது மூடப்பட்டது. ஆனால் குரோமியம் கலந்த கசடு இலட்சக்கணக்கான டன் அளவில் அவ்வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழைக்காலத்தில் மஞ்சள் நிற நீர் அதிலிருந்து கசிந்து வெளியேறியது. தொழிற்சாலை இயங்கிய காலத்தைவிட அதன் கழிவைப் பற்றிய கவலை நீடித்த காலமே மிகுதி.

மூன்றாவது, கொடைக்கானல். 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அங்கே இயங்கிவந்தது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு உள்ளூர்ப் பழைய பொருள் கிடங்கொன்றில் கண்டறியப்பட்டதை அடுத்து, 2001 மார்ச்சில் அது மூடப்பட்டது. 2003 இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டது. எஞ்சியிருந்த மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்ற இலக்குக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவளித்தது. பாம்பாறு சோலைக்கு மேலே அமைந்த காட்டுப்பகுதி என்பதால் அவ்விலக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் எனச் சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். அவ்வாதம் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் நீடித்தது. தொழில் தொடங்கும்போதே மண்ணின் நிலை அளந்து பதிவுசெய்யப்பட்டிருந்தால், இவ்வாதத்தின் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும்.

அயல்நாட்டிலிருந்து ஒரு நிகழ்வையும் சேர்த்து நோக்கலாம். அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்னும் பழைய கால்வாய்க் குழியில் ஒரு வேதிப்பொருள் நிறுவனம் 1942 முதல் 1953 வரை இருபதாயிரம் டன்னுக்கும் மேலான கழிவைப் புதைத்தது. பின்னர் அந்நிலத்தை ஒரே ஒரு டாலர் விலைக்குப் பள்ளி வாரியத்துக்கு அளித்தது. வேதிக்கழிவு புதைக்கப்பட்டிருப்பதும், அதனால் விளையும் கேட்டுக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதும் அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் அங்கே பள்ளி எழுந்தது; சுற்றிலும் வீடுகள் பெருகின. 1978 இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். மாசடைந்த நிலங்களைத் தூய்மைப்படுத்த அமெரிக்கா 1980 இல் தனிச் சட்டம் இயற்றியதற்கு இந்நிகழ்வே முதன்மையான தூண்டுதல். பத்திரத்தில் எழுதியிருந்தும் வாங்கியவர் பொருட்படுத்தாத நிலை அது. எழுதாத பத்திரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது?

மாசுற்றிருக்கக்கூடிய நிலத்தை ஆராயும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. மூன்று படிகளாக அது நிகழ்கிறது. ஒரு படியில் ஐயம் எழுந்தால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்வர். கொள்ளேகாலின் புறத்தே முப்பது குண்டா பரப்புள்ள ஒரு பழைய சாயப்பட்டறை விற்பனைக்கு வருகிறது என்றும், அதை வாங்கி மனைகளாகப் பிரிக்க ஒரு குடும்பம் எண்ணுகிறது என்றும் கொள்வோம். நாற்பது குண்டா ஓர் ஏக்கர் ஆதலால், அது முக்கால் ஏக்கர் நிலம்.

முதற்படியில் மண்வெட்டிக்கு வேலையில்லை. ஆவணங்களும் நேரடிப் பார்வையும் போதும். பஹணி எனப்படும் கர்நாடக நிலப் பதிவேட்டில், எந்த ஆண்டுவரை பயிர் குறிக்கப்பட்டுள்ளது, எந்த ஆண்டு முதல் அது நின்றது என்பதைப் பார்க்கலாம். வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964 இன் 95 ஆம் பிரிவின்படி மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஆணையில் எப்பயனுக்கென மாற்றப்பட்டது என்பது இடம்பெற்றிருக்கும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, தொழிற்சாலை உரிமம், உள்ளாட்சியின் தொழில் உரிமம் ஆகியவை கிடைத்தால், பட்டறை பயன்படுத்திய பொருள்களையும் வெளியேற்றிய நீரின் அளவையும் ஓரளவு அறியலாம். இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் கோரிப் பெறலாம். கடந்த இருபது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்த்தால், தொட்டி இருந்த இடமும் கழிவுநீர் தேங்கிய இடமும் புலப்படக்கூடும்.

ஆவணங்களுக்கு இணையான சான்று அண்டை அயலார். பட்டறையில் வேலை செய்த முதியவர், எதிர்வீட்டுக்காரர், கிணறு வெட்டியவர் ஆகியோரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் எளியவை. சாயக்கழிவு எந்தப் பக்கம் விடப்பட்டது? குழி தோண்டி மூடினார்களா? எந்தக் கிணற்று நீர் நிறம் மாறியது? பள்ளத்தை நிரப்ப மண் எங்கிருந்து வந்தது? இறுதி வினா பலரும் மறப்பது. நிலம் தூயதாக இருந்து, நிரப்பிய மண் வேறொரு தொழிற்சாலையின் சாம்பலாகவோ கசடாகவோ இருக்கக்கூடும்.

நேரில் செல்லும்போது கறைபடிந்த தரை, செடி முளைக்காத திட்டு, நிறம் மாறிய வடிகால், மூடப்பட்ட தொட்டியின் விளிம்பு, விந்தையான மணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐயத்துக்கு இடமில்லை எனில் ஆய்வு இப்படியிலேயே நிறைவுறும்.

ஐயம் இருப்பின் இரண்டாம் படியாக மாதிரிகள் எடுக்கப்படும். நிலம் முழுவதும் ஒரே சீராகத் தோண்டுவதைவிட, முதற்படியில் குறித்த இடங்களை நோக்கித் தோண்டுவதே அறிவுடைமை. நம் எடுத்துக்காட்டில் அவை சாயத்தொட்டியின் அடிப்பகுதி, வடிகாலின் கடைமுனை, உறிஞ்சுகுழி, நூல் உலர்த்திய முற்றம் ஆகியன. குழந்தைகளின் கைகளில் ஒட்டுவது மேல்மண் என்பதால் அதிலிருந்து ஒரு மாதிரியும், நீரோடு இறங்கிய உப்புகளும் உலோகங்களும் ஆழத்தில் தங்கும் என்பதால் கீழ்ப்படிவங்களிலிருந்து சில மாதிரிகளும் எடுக்கப்படும். அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும் சோதிக்கப்படும். இவ்வட்டாரத்தின் நிலத்தடி நீர் கெட்டிப் பாறையின் வெடிப்புகள் வழியே ஓடுவது. ஆகவே பக்கத்துக் கிணறு நலமாக இருக்க, சற்றுத் தொலைவிலுள்ள கிணறு கெட்டிருக்கவும் கூடும்.

மாசுபடாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுப்பது இன்றியமையாதது. மைசூரு வட்டாரத்தில் இயல்பாகவே குரோமியம் மிகுந்த பாறைகள் உண்டு. மைசூருக்கு அண்மையிலுள்ள சிந்துவள்ளியில் குரோமைட்டுத் தாது வெட்டியெடுக்கப்பட்டது. ஒரு மண்ணில் குரோமியம் காணப்பட்டால், அது பாறை தந்ததா, பட்டறை தந்ததா என்பதை ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் தீர்மானிக்க இயலாது. குரோமியத்தின் வடிவமும் முக்கியம். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே தங்கிவிடும், நச்சுத்தன்மையும் குறைவு. ஆறு இணைதிறன் கொண்டதோ நீரில் எளிதில் கரைந்து பரவும், புற்றுநோய்க் காரணி. மொத்த அளவை மட்டும் தரும் அறிக்கை முழுமையானதன்று.

எடுத்த மாதிரிகள் முத்திரையிடப்பட்டு, குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டு, யார் எடுத்தார், யாரிடம் எப்போது ஒப்படைத்தார் என்ற கையொப்பத் தொடருடன் தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குச் செல்லும். வங்கியில் பணப்பெட்டி கைமாறும்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கு எதற்கோ, இதுவும் அதற்கே. இடையில் மாற்றம் நிகழவில்லை என்பதற்கு அக்கையொப்பங்களே சான்று.

நீரைப் பொறுத்தவரை ஒப்பிடுவதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை உள்ளது. அதன்படி ஒரு லிட்டரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமையும், ஈயம் 0.01 மில்லிகிராமையும், பாதரசம் 0.001 மில்லிகிராமையும் மிஞ்சலாகாது. மண்ணுக்கு ஒரே எண் பொருந்தாது. வேளாண்மை, குடியிருப்பு, வணிகம், தொழில் என நிலத்தின் பயனைப் பொறுத்து அளவு மாறும். சரக்குக் கிடங்கு கட்டத் தகுதியான மண், மழலையர் பள்ளிக்குத் தகாததாக இருக்கலாம்.

மூன்றாம் படி இடர் மதிப்பீடு. இதன் அடிப்படை எளிது. மாசின் மூலம் ஒன்று இருக்க வேண்டும். அது மனிதரை அடைய வழி ஒன்று இருக்க வேண்டும். அவ்வழியின் முடிவில் பெறுவோர் இருக்க வேண்டும். இம்மூன்றும் இணைந்தால்தான் தீங்கு. குழந்தை மண்ணில் விளையாடுதல், தோட்டத்துக் கீரையை உண்ணுதல், கிணற்று நீரைப் பருகுதல், அடித்தளத்தின் வழியே ஆவி வீட்டினுள் நுழைதல் ஆகியவை வழக்கமான வழிகள். மூன்று கண்ணிகளுள் ஒன்றை அறுத்தாலும் தீங்கு தடைபடும். சீரமைப்புப் பணி முழுவதும் இந்த ஒரு கருத்தின்மீதே நிற்கிறது.

மாசு உண்டு என அறிந்தபின்

மாசு கண்டறியப்பட்டதாலேயே நிலம் பயனற்றதாகிவிடுவதில்லை. மாசு ஒரு மூலையில் மட்டும் இருந்தால், அம்மண்ணை அகழ்ந்தெடுத்து உரிமம் பெற்ற அபாயகரக் கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்பலாம். எண்ணெய் வகை மாசை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தை ஒடுக்கும் வேதிப்பொருள் இட்டு, தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றலாம். மண்ணை நீரால் கழுவி நுண்துகளோடு சேர்ந்த மாசைப் பிரித்தெடுக்கலாம். 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக இலண்டனின் பழைய தொழிற்பகுதியில் சுமார் 20 இலட்சம் டன் மண் இவ்வாறு கழுவுதல் உள்ளிட்ட முறைகளால் தூய்மைப்படுத்தப்பட்டு, பெரும்பகுதி அவ்விடத்திலேயே மீண்டும் பயன்படுத்தப்பட்டது. பல நாடுகளின் வீரர்கள் கூடிய திடல்கள் அந்த மண்ணின்மீதே எழுந்தன.

சிறு நிலங்களில் திட்டத்தை மாற்றியமைப்பதே போதுமானதாக இருப்பதுண்டு. நம் எடுத்துக்காட்டில் வடிகாலின் கடைமுனை மட்டும் கெட்டிருந்தால், அப்பகுதி மண்ணை அகற்றித் தூய மண் பரப்பி வாகன நிறுத்தமாக விடலாம். வீடுகளை எஞ்சிய பகுதியில் அமைக்கலாம். கிணற்றுக்கு மாற்றாக நகராட்சிக் குடிநீர் இணைப்பைப் பெறலாம். எம்முறையைக் கையாண்டாலும் பணி முடிந்தபின் மீண்டும் மாதிரி எடுத்துச் சோதித்து, அவ்வறிக்கையைப் பத்திரங்களோடு பாதுகாக்க வேண்டும். பிற்காலத்தில் அந்நிலத்தை விற்கும்போது அவ்வறிக்கையே உறுதியான துணையாகும்.

சட்டம் தரும் பாதுகாப்பும் அதன் எல்லையும்

சொத்து மாற்றுச் சட்டம் 1882 இன் 55 ஆம் பிரிவின்படி, தாம் அறிந்ததும், வாங்குவோர் இயல்பான கவனத்தால் கண்டுகொள்ள இயலாததுமான முக்கியக் குறையை விற்பவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதில் இரு எல்லைகள் உள்ளன. விற்பவருக்கே தெரியாத குறைக்கு இக்கடமை பொருந்தாது. இயல்பான கவனத்தால் அறியக்கூடியதை வாங்குபவர் அறியாமல் விட்டாலும் பொருந்தாது. சாயக்கறை படிந்த தொட்டி கண்ணெதிரே இருக்க, எவரும் எனக்குச் சொல்லவில்லை என்று பின்னர் முறையிடுவது எளிதன்று.

பெரிய கட்டடத் திட்டங்களுக்கு 2006 ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்னனுமதி வேண்டும். ஆனால் அது பொதுவாக 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கே உரியது. முக்கால் ஏக்கரில் மனை பிரிப்போரும், ஒரு மனையில் வீடு கட்டுவோரும் அவ்வலைக்குள் வருவதில்லை. அவர்களுக்காகக் கேள்வி கேட்கும் அலுவலகம் இல்லை. அவர்களே கேட்டாக வேண்டும்.

மாசடைந்த இடங்களுக்கெனத் தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவித்தது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் கண்டறிந்து தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் 90 நாள்களுக்குள் முதனிலை மதிப்பீடும், தேவையெனில் அடுத்த 90 நாள்களுக்குள் விரிவான மதிப்பீடும் செய்ய வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். கதிரியக்கக் கழிவு, சுரங்கப் பணி, கடலில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவை இவ்விதிகளில் அடங்கா. வாங்கவிருக்கும் நிலமோ அதன் அண்டையிலுள்ள நிலமோ இத்தகைய பட்டியலில் உள்ளதா என்று வாரியத்திடம் வினவுவது இனி ஒரு வழக்கமாக வேண்டும்.

வாடிக்கையாளர் மேற்கொள்ளத்தக்கவை

1. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, நிலத்தின் உரிமை வரலாற்றோடு பயன்பாட்டு வரலாற்றையும் எழுதிக் கேளுங்கள். நிலப்பயன் மாற்ற ஆணையின் படியைப் பெறுங்கள்.

2. நிலத்தை ஒருமுறை வெயிலிலும் ஒருமுறை மழைக்குப் பின்னும் பாருங்கள். நீரின் நிறமும் தேங்கும் இடமும் மழைக்குப் பின்னரே தெரியும்.

3. அண்டை வீடுகளில் குறைந்தது மூவரிடம் உசாவுங்கள். அவர்களுள் ஒருவர் வயதில் மூத்தவராக இருக்கட்டும்.

4. தொழில் நடந்த நிலமெனில், கிணற்று நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதியுங்கள். எந்தத் தொழில் நடந்தது என்பதை ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள். பொதுவான குடிநீர்ச் சோதனையில் உலோகங்கள் பல சேர்க்கப்படுவதில்லை.

5. ஐயம் வலுப்படின், மண் ஆய்வு முடியும்வரை கிரயத்தை ஒத்திவைக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு வழக்கறிஞரிடம் கூறுங்கள். சீரமைப்புச் செலவை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

6. கடன் விண்ணப்பத்தின்போது அறிந்தவற்றை வங்கி மேலாளரிடமும் மதிப்பீட்டாளரிடமும் மறைக்காமல் தெரிவியுங்கள். ஈட்டின் மதிப்பைச் சரியாகக் கணிப்பது வங்கிக்கு மட்டுமன்றி உங்களுக்கும் பாதுகாப்பு.

7. நீங்கள் விற்பவராயின், ஆய்வை நீங்களே செய்துவைத்துக்கொள்ளுங்கள். தூய்மையை மெய்ப்பிக்கும் அறிக்கை நிலத்தின் விலையைக் காக்கும். குறையை ஒளிக்காத அறிக்கை பின்னாளின் வழக்கைத் தவிர்க்கும்.

வீட்டுக்கடன் என்பது இருபது ஆண்டுகள்வரை நீளும் பொறுப்பு. கிணற்று நீர் பருகத் தகாதது எனத் தெரிந்தாலும், குடும்பம் வேறு வீட்டுக்கு வாடகைக்குச் சென்றாலும், மாதத் தவணை நிற்பதில்லை. அத்தகைய வீட்டை வாங்க முன்வருவோரும் அரியர். வாழ்நாள் சேமிப்பு அனைத்தும் அசையாச் சொத்தாக மாறும் அந்நாளில், சில மண் மாதிரிகளுக்கும் ஒரு குடுவை நீருக்கும் ஆகும் செலவு நிலத்தின் விலையில் ஒரு சிறு துளியே. பதிவு அலுவலகத்துக்குச் செல்லுமுன் வில்லங்கச் சான்றிதழோடு மண்ணின் சான்றிதழையும் கையில் வைத்திருப்போம்.